‘ஹலோ, நீங்கள் கதைப்பது கேட்கவில்லை’: கைத்தொலைபேசியின் மைக் பழுதைக் கண்டறிதலும் மாற்றுதலும்

திரும்பி வந்தபின் நீங்கள் நிரப்பும் ஒவ்வொரு படிவத்திலும் ஒரு தொலைபேசி இலக்கம் கேட்கப்படும். வெள்ளவத்தையில் தங்கியிருந்தால் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம், கொட்டாஞ்சேனையில் என்றால் கொழும்பு பிரதேச செயலகம், அதோடு ஆட்பதிவுத் திணைக்களம், பிள்ளையின் பாடசாலை, வைத்தியசாலை கிளினிக், வேலை கேட்டுப் போன கடை என்று எல்லா இடத்திலும் அதே ஒரு இலக்கத்தைத்தான் கொடுத்திருப்பீர்கள். அந்த இடங்களிலிருந்து வரும் அழைப்பு நெடுநேரம் காத்திருக்காது. எடுத்தவர் இரண்டு தரம் ‘ஹலோ’ சொல்வார். உங்கள் குரல் கேட்காவிட்டால் வைத்துவிட்டு, பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்.

மைக் பழுதின் பொல்லாத தன்மை இதுதான்: உங்களுக்கு ஒன்றும் தெரியாது. திரை ஒளிரும், மணி அடிக்கும், மறுபக்கத்தார் பேசுவது தெளிவாகக் கேட்கும். உங்கள் குரல் மட்டும் போகாது. ‘அவர்களுடைய லைன் சரியில்லை’ என்று நினைத்துக்கொண்டே ஒரு மாதம் கடந்துவிடலாம்.

இந்தப் பழுதுக்காகப் புதிய போன் வாங்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. குரல் எந்த இடத்தில் தடைப்படுகிறது என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். கண்டுபிடித்தபின் அந்த இடத்துக்கு மட்டும் பணம் செலவழித்தால் போதும். இந்தப் பாடம் அதற்காகத்தான்.

முதலில், அழைப்பைத் தவறவிடாமல் இருக்க

திருத்துவது நாளைக்கோ மறுநாளோ நடக்கட்டும். இன்று வரும் அழைப்புக்கு வழி செய்துவிடுங்கள். மைக் பொருத்திய ஹேண்ட்ஸ்ப்ரீ ஒன்று வீட்டில் இருந்தால் அதைப் போனில் செருகிக் கதைத்துப் பாருங்கள். ஹேண்ட்ஸ்ப்ரீக்குத் தனி மைக் இருப்பதால் போனின் மைக் செத்திருந்தாலும் குரல் போகும். அது இல்லாவிட்டால் ஸ்பீக்கர் முறைக்கு மாற்றிப் பாருங்கள். பல ஸ்மார்ட் போன்களில் ஸ்பீக்கரில் கதைக்கும்போது வேறொரு மைக் வேலை செய்யும். இரண்டும் சரிவராவிட்டால் சிம்மைக் கழற்றி வீட்டில் உள்ள வேறொரு போனில், பழைய பட்டன் போன் என்றாலும் பரவாயில்லை, போட்டு வையுங்கள். அலுவலகங்களில் இருப்பது உங்கள் இலக்கம்தான். அது எந்தப் போனில் இருந்தாலும் அழைப்பு வந்து சேரும்.

குரல் போகும் வழி

போனின் அடிப்பக்க விளிம்பைப் பாருங்கள். சார்ஜ் செய்யும் வாய்க்குப் பக்கத்தில் குண்டூசி முனையளவு துளை ஒன்று இருக்கும். உங்கள் குரல் நுழைவது அதனூடாகத்தான். துளைக்கு உள்ளே தூசு தடுக்கும் மெல்லிய வலை, அதன்பின் சிறு றப்பர் உறை, அந்த உறைக்குள் மைக். மைக்கில் உள்ள மெல்லிய தகடு குரலின் காற்றழுத்தத்தால் அதிர்கிறது. அந்த அதிர்வு மின் சைகையாக மாறி, இரண்டு அல்லது சில தொடுபுள்ளிகளின் வழியாகப் போனின் பலகைக்குப் போகிறது. அங்கிருந்து சிம் வலையமைப்புக்கு. துளை, வலை, றப்பர், மைக், தொடுபுள்ளி, பலகை: இந்த ஒழுங்கில் எங்கு வேண்டுமானாலும் குரல் நின்றுவிடலாம். துளைப் பக்கத்துப் பழுதுகள் செலவில்லாதவை. பலகைப் பக்கம் போகப் போகச் செலவு கூடும்.

உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால், குரல் போகவில்லை என்றவுடன் போனை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டுவார்கள். அதற்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. பழைய கம்பித் தொலைபேசிகளின் வாய்ப்பகுதிக்குள் கரித்துகள்கள் இருந்தன. அவை இறுகிக் கட்டியாகும்போது குரல் மங்கும், தட்டினால் துகள்கள் இளகி மறுபடி தெளியும். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கெர்ஹார்ட் செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ற் ஆகிய இருவரும் 1962இல் உருவாக்கிய ‘எலக்ட்ரெட்’ மைக் பின்னர் அந்தக் கரித்துகளின் இடத்தைப் பிடித்தது. பட்டன் போன்களில் இருப்பது அந்த வகை. இன்றைய ஸ்மார்ட் போன்களில் இருப்பது அதைவிடச் சிறிய ‘மெம்ஸ்’ வகை மைக். இவை இரண்டிலும் துகள் எதுவும் இல்லை. தட்டுவதால் பயனில்லை; திரை உடையலாம், அவ்வளவுதான்.

பழுது எங்கே? வீட்டில் செய்யும் சோதனைகள்

சோதனைக்கு முன் மூன்று சின்னக் காரியங்கள். போனின் கவர் மைக் துளையை மூடியிருக்கிறதா என்று பார்த்து, கவரைக் கழற்றிவிடுங்கள். மலிவுக் கவர்களில் துளை சரியான இடத்தில் வெட்டப்பட்டிருக்காது. அடுத்து, புளூடூத்தை நிறுத்துங்கள். பக்கத்து அறையில் கிடக்கும் மகனின் புளூடூத் இயர்போனுக்கு உங்கள் அழைப்பு போய்க்கொண்டிருந்தால், அந்த இயர்போனின் மைக்தான் உங்கள் குரலைத் தேடிக்கொண்டிருக்கும். மூன்றாவது, போனை ஒருமுறை முழுதாக நிறுத்தி மீண்டும் இயக்குங்கள். ‘பழுது’ என்று கொண்டுபோகும் போன்களில் சில இந்த மூன்றிலேயே சரியாகிவிடும்.

இப்போது போனில் உள்ள குரல் பதிவுச் செயலியைத் திறந்து, அடித்துளைக்கு அருகில் வாயை வைத்து ஒன்று முதல் பத்து வரை சாதாரணக் குரலில் எண்ணிப் பதிவு செய்யுங்கள். திருப்பிப் போட்டுக் கேளுங்கள். பதிவு தெளிவாக இருந்தால் மைக் உயிரோடு இருக்கிறது. பழுது அழைப்பில், அல்லது வலையமைப்பில். வேறொருவருடைய சிம்மைப் போட்டு ஒரு அழைப்பு எடுத்துப் பாருங்கள். அதில் குரல் போனால் உங்கள் சிம்மைக் கொடுத்த நிறுவனத்தின் கிளைக்குப் போங்கள், திருத்தும் கடைக்கு அல்ல. சாதாரண அழைப்பில் குரல் போய், வட்ஸ்அப்பிலோ வைபரிலோ மட்டும் போகாவிட்டால் அதுவும் மைக்கின் குற்றமில்லை. அந்தச் செயலிக்கு மைக்கைப் பயன்படுத்தும் அனுமதி மறுக்கப்பட்டிருக்கும். போனின் அமைப்புப் பகுதியில் அந்தச் செயலியின் பெயரைத் தேடி, அனுமதிகளில் மைக்குக்கு இடம் கொடுங்கள். முதற்தடவை திறக்கும்போது வந்த கேள்விக்கு அவசரத்தில் ‘வேண்டாம்’ என்று அழுத்தியிருப்பீர்கள்.

பதிவில் குரல் இல்லை, அல்லது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கலாக இருக்கிறது என்றால் தொடர்ந்து பாருங்கள். வீட்டில் ஒருவரைச் சற்றுத் தூரத்துக்கு, முற்றத்துக்கோ மாடிப்படிக்கோ, அனுப்பி அழைப்பு எடுங்கள். ஒரே அறையில் இருந்து சோதித்தால் இரண்டு போன்களும் ஒன்றோடொன்று கத்தும், ஒன்றும் விளங்காது. முதலில் காதில் வைத்துக் கதையுங்கள். பிறகு அழைப்பைத் துண்டிக்காமல் ஸ்பீக்கருக்கு மாறுங்கள். காதில் வைத்தபோது போகாத குரல் ஸ்பீக்கரில் போனால், அடியில் உள்ள மைக் பழுது, மேலே உள்ளது நல்லது. அடுத்து ஒரு நிமிட வீடியோ எடுத்துக் கேளுங்கள். வீடியோவுக்கும் பல போன்களில் மேல் மைக்தான் பயன்படும், ஆகவே அதே முடிவு வருகிறதா என்று உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஹேண்ட்ஸ்ப்ரீ சோதனை. கடைக்காரரிடம் நீங்கள் சொல்லப்போகும் சாட்சி இதுதான். வேறு போனில் நன்றாக வேலை செய்யும் ஹேண்ட்ஸ்ப்ரீ ஒன்றை உங்கள் போனில் செருகிக் கதையுங்கள். குரல் போனால், பலகையின் ஒலிப்பகுதி நலமாக இருக்கிறது. மாற்ற வேண்டியது மைக் அல்லது அது பொருத்தப்பட்ட சிறு பலகை மட்டும். ஹேண்ட்ஸ்ப்ரீயிலும் குரல் போகாவிட்டால் பழுது பெரும்பாலும் பிரதான பலகையில். அதற்குச் செலவு அதிகம். பழைய போன் என்றால் திருத்துவதா மாற்றுவதா என்று யோசிக்க வேண்டிய கட்டம் அதுதான். ஹேண்ட்ஸ்ப்ரீ செருகாதபோதும் திரையின் மேல் அதன் சின்னம் தெரிகிறதா என்பதையும் கவனியுங்கள். தெரிந்தால், செருகும் வாய்க்குள் தூசோ ஈரமோ சேர்ந்து போனை ஏமாற்றிக்கொண்டிருக்கிறது. அதைத் துப்புரவாக்கினாலே குரல் திரும்பும்.

இன்னொரு அறிகுறியும் உண்டு. மறுபக்கத்தார் ‘என்னுடைய குரலே எனக்குத் திரும்பக் கேட்கிறது’ என்று சொன்னால் மைக் சாகவில்லை. மைக்கைச் சுற்றியிருக்கும் றப்பர் உறை விலகியிருக்கும், அல்லது முன்பு திறந்த ஒருவர் அதைப் போடாமலே மூடியிருப்பார். காதுப்பக்க ஒலி போனின் உடலுக்குள்ளேயே ஓடிவந்து மைக்கில் விழுகிறது.

துளையைத் துப்புரவாக்கும்போது

காய்ந்த, மென்மையான பற்தூரிகையால் துளையின் மேற்பரப்பை மெதுவாகத் தேயுங்கள். ஒட்டும் ரேப் துண்டு ஒன்றைத் துளையின் மேல் ஒற்றி எடுத்தால் இழைத்தூசும் வந்துவிடும். இதற்கு மேல் வேண்டாம். ஊசி, குண்டூசி, காதுக் குச்சி எதையும் உள்ளே விடாதீர்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும். துவிச்சக்கரவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பால் ஊதினால் தகடு கிழிந்துவிடும்.

சிம் தட்டைத் திறக்கும் ஊசியை மைக் துளைக்குள் குத்துவது அடிக்கடி நடக்கும் விபத்து. இரண்டு துளைகளும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். நாட்டுக்கு நாடு மாறி வரும்போது சிம் மாற்றுவது முதல் வேலையாக இருப்பதால், உங்களைப் போன்ற குடும்பங்களில் இது இன்னும் எளிதில் நேர்ந்துவிடும். சிம் தட்டின் துளை, தட்டின் நீள்வட்டக் கோட்டுக்குள் இருக்கும். அப்படி ஒரு கோடு இல்லாத தனித் துளை மைக். இலங்கைச் சிம் போட்ட அன்றிலிருந்துதான் குரல் போகவில்லை என்றால், காரணம் இதுவாக இருக்கலாம். கடையில் அதைச் சொன்னால் நேரம் மிச்சம்.

வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கீழே, மரைன் டிரைவ் பக்கமாக இருக்கும் வீடுகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. கடற்காற்றில் உப்பு இருக்கிறது. யன்னல் படியில் இரவு முழுவதும் கிடக்கும் போனின் தொடுபுள்ளிகளில் அந்த உப்பும் ஈரமும் சேர்ந்து பச்சை பூக்கும். துறைமுகத்துக்குப் பக்கமான கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் இதே கதைதான். போனை அலுமாரிக்குள்ளோ மேசை லாச்சிக்குள்ளோ வையுங்கள். மழையில் நனைந்துவிட்டால் உடனே நிறுத்தி, பற்றரி கழற்றக்கூடியதென்றால் கழற்றி, துடைத்து, மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் விடுங்கள். அரிசிப் பானைக்குள் புதைக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம். அரிசித் தூளும் துகளும் உள்ளே போய்க் கெடுக்கும் என்று அப்பிள் நிறுவனமே 2024இல் தன் பயனர்களுக்குச் சொன்னது.

பட்டன் போன்: நீங்களே மாற்றலாம்

வீட்டில் ஒரு பட்டன் போன் இருந்தால் அதன் மைக்கை மாற்றப் பழகுவது கடினமல்ல. பழுதான பழைய போன் ஒன்றில் முதலில் கைபழகுங்கள். பற்றரியைக் கழற்றியபின்தான் எதையும் தொட வேண்டும். பற்றரி வயிறு ஊதியிருந்தால் அந்தப் போனைத் திறக்க வேண்டாம். அதை அமுக்கவோ குத்தவோ கூடாது.

பல பட்டன் போன்களின் ஸ்குரூக்களுக்கு நட்சத்திரத் தலை இருக்கும். அதற்கேற்ற சிறிய ஸ்குரூ டிரைவர் தொகுதியைப் புறக்கோட்டையில் வாங்கலாம். சமையலறைக் கத்தியால் நெம்பினால் தலை தேய்ந்துவிடும், பிறகு கடைக்காரருக்கே திறக்க முடியாது. கழற்றும் ஒவ்வொரு ஸ்குரூவையும் ஒரு வெள்ளைத் தாளில், அது இருந்த இடத்தின்படியே ஒழுங்காக வையுங்கள். திறந்தவுடன் வேறொரு போனால் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

கீழ்ப்பகுதியில் கறுப்பு றப்பர் உறைக்குள் சட்டைப் பொத்தானைவிடச் சிறிய வட்ட உலோகத் துண்டு இருக்கும். அதுதான் மைக். சில போன்களில் அது இரண்டு வில் தொடுபுள்ளிகளில் சும்மா அமர்ந்திருக்கும். அப்படியென்றால் முதலில் மைக்கை மாற்றாமல், தொடுபுள்ளிகளைப் பென்சில் அழிறப்பரால் தேய்த்து, வில்லைச் சற்று உயர்த்தி, மீண்டும் போட்டுச் சோதியுங்கள். இதோடு குரல் திரும்பினால் ஒரு சதமும் செலவில்லை.

திரும்பாவிட்டால் மல்ரிமீற்றரால் அளக்கலாம். மைக்கின் பின்பக்கம் இரண்டு புள்ளிகள் உண்டு. அவற்றில் ஒன்று வெளி உலோக உறையோடு மெல்லிய கோடுகளால் இணைந்திருக்கும், அது எதிர்முனை. மற்றது நேர்முனை. டிஜிற்றல் மீற்றரை 20 கிலோ ஓம் அளவில் வைத்து, கறுப்புக் கம்பியை எதிர்முனையிலும் சிவப்பை நேர்முனையிலும் பிடியுங்கள். நல்ல மைக் சில நூறு ஓமுக்கும் சில ஆயிரம் ஓமுக்கும் இடையில் ஏதாவது காட்டும். மைக்கின் முகத்தில் மெதுவாக ஊதினால் அந்த எண் ஆடும். கம்பிகளை எப்படி மாற்றிப் பிடித்தாலும் மீற்றர் அசையாவிட்டால் உள்ளே அறுந்துவிட்டது. சுழியம் காட்டினால் உள்ளே ஒட்டிவிட்டது. இரண்டிலும் புதியது போட வேண்டியதுதான். முள் ஆடும் பழைய மீற்றர் வைத்திருப்பவர்கள் கம்பிகளை மாற்றிப் பிடிக்க வேண்டும், ஏனென்றால் ஓம் அளவில் அவற்றின் கறுப்புக் கம்பியில்தான் வழக்கமாக நேர்மின் வரும். இந்தச் சோதனைக்கு முள் மீற்றரே சிறந்தது: ஊதும்போது முள் துள்ளுவதைக் கண்ணால் காணலாம்.

புதிய மைக் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். விட்டம் 4 மில்லிமீற்றரா 6 மில்லிமீற்றரா, எவ்வளவு தடிப்பு, வில் தொடுபுள்ளியா கம்பியா என்பதைக் கடைக்காரர் பார்த்தாலே எடுத்துத் தருவார். வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியில் 100 அல்லது 101 இலக்க பஸ் ஏறினால் புறக்கோட்டைக்குப் போகலாம். முதலாம் குறுக்குத் தெருவிலும் அதைச் சுற்றியும் மின்னணு உதிரிப்பாகக் கடைகள் நெருங்கி இருக்கின்றன. கொட்டாஞ்சேனையிலிருந்து அது கிட்டத்தான். ஒரு கடையில் விலை கேட்டவுடன் வாங்கிவிடாமல் மூன்று கடையில் கேளுங்கள். ஒன்று வாங்கும் இடத்தில் இரண்டாக வாங்கி வைப்பது நல்லது, கைபழகும்போது ஒன்று கெடலாம்.

கம்பியால் பற்றவைத்த மைக் என்றால் எந்த நிறக் கம்பி எந்த முனையில் இருந்தது என்பதை எடுத்த படத்தில் பாருங்கள். மாறிப் பற்றவைத்தால் குரல் போகாது. 25 அல்லது 30 வாற் அளவுள்ள, முனை மெல்லிய சோல்டரிங் அயன் போதும். ஒரு முனையில் இரண்டு மூன்று வினாடிக்கு மேல் சூட்டை வைக்காதீர்கள். இந்த மைக்கின் உள்ளே இருக்கும் தகட்டில் நிரந்தரமாக ஏற்றி வைத்த மின்னேற்றம்தான் அதன் உயிர். அதிக சூட்டில் அது போய்விடும். மைக் பார்க்கப் புதிதாகவே இருக்கும், ஆனால் செவிடாகிவிடும். கடைசியாக றப்பர் உறையை மறக்காமல் போட்டு, அதன் வாய் வெளித்துளைக்கு நேரே இருக்கும்படி வைத்து மூடுங்கள்.

புதிய மைக் போட்டும் குரல் இல்லையா? பற்றரியைப் போட்டு ஒரு அழைப்பு எடுத்து, அழைப்பு நடக்கும்போதே மைக்கின் இரண்டு முனைக்கும் இடையில் வோல்ற் அளவைப் பாருங்கள். 1 முதல் 3 வோல்ற் வரை ஏதாவது இருக்க வேண்டும். அழைப்பு இல்லாத நேரத்தில் அங்கு மின் வராது, ஆகவே அப்போது அளந்து பயனில்லை. அழைப்பிலும் சுழியம் என்றால் பலகை பழுது, கடைக்குக் கொண்டுபோங்கள்.

ஸ்மார்ட் போன்: கடைக்குப் போகுமுன்

ஸ்மார்ட் போனின் மைக் சிறிய சதுரத் துண்டு. பலகையோடு நேரே பற்றவைக்கப்பட்டிருக்கும், சூடான காற்றடிக்கும் கருவியில்லாமல் எடுக்க முடியாது. திரையும் பின்பக்கமும் பசையால் ஒட்டப்பட்டவை. இதை வீட்டில் திறக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஆனால் ஒரு நல்ல செய்தி: மிகப் பல போன்களில் அடி மைக், சார்ஜ் வாயோடு சேர்ந்து ஒரு தனிச் சிறு பலகையில் இருக்கிறது. திருத்துநர்கள் அதைச் ‘சார்ஜிங் போர்ட்’ என்பார்கள். அதை முழுதாகக் கழற்றிப் புதியதைச் செருகுவது கைதேர்ந்தவருக்குச் சின்ன வேலை. ‘பலகையே போய்விட்டது’ என்று ஒருவர் சொன்னால், ‘ஹேண்ட்ஸ்ப்ரீ போட்டால் குரல் போகிறதே’ என்று அவர் முன்னாலேயே செய்து காட்டுங்கள். நேர்மையான திருத்துநர் உடனே கணக்கை மாற்றிச் சொல்வார். மாற்றாதவரிடமிருந்து போனை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

கொடுப்பதற்கு முன் போனுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருதரம் நினைத்துப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழ், முகாம் அட்டை, கடவுச்சீட்டு, பிள்ளைகளின் பாடசாலை விடுகைப் பத்திரம் எல்லாவற்றையும் படமாக எடுத்து வைத்திருப்பீர்கள். சில குடும்பங்களிடம் மூலப்பிரதி தொலைந்து அந்தப் படம் மட்டுமே இருக்கும். அவற்றை மெமரி கார்டுக்கோ நம்பகமான உறவினரின் போனுக்கோ பிரதி எடுத்துவிடுங்கள். இலக்கங்களை ஒரு கொப்பியில் எழுதுங்கள். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றி உங்கள் பேர்ஸில் வையுங்கள். சோதிக்கச் சிம் தேவை என்றால் நீங்கள் அங்கே நிற்கும்போது போட்டுச் சோதிக்கலாம். பெண்பிள்ளைகளின் படங்கள் உள்ள போனை இரவு கடையில் விட்டுவிட்டு வருவது சரியல்ல. ‘நாளைக்கு வாங்க’ என்றால் நாளைக்கே கொண்டுவந்து, முன்னால் இருந்து செய்விப்பது நல்லது.

புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் தமிழ் பேசும் வியாபாரிகள் தாராளமாக இருக்கிறார்கள். ஆனாலும் திருத்தும் மேசையில் இருக்கும் தம்பிக்குச் சிங்களம் மட்டும் தெரிந்திருக்கலாம். தமிழ்நாட்டு முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குச் சிங்களம் புதிது. இந்த நான்கு வசனங்களைப் பாடமாக்கிக் கொடுங்கள். ‘மைக் எக வெட நெஹெ’: மைக் வேலை செய்யவில்லை. ‘கீயத யன்னெ?’: எவ்வளவு செலவாகும்? ‘மகே இஸ்ஸரஹ ஹதன்ன’: என் முன்னால் திருத்துங்கள். ‘பரண எக மட்ட தென்ன’: பழையதை எனக்குத் தாருங்கள். பழைய பாகத்தைக் கேட்டு வாங்குவது அவநம்பிக்கை அல்ல, வழக்கம்தான். உண்மையில் மாற்றினார்களா என்பதற்கு அதுவே அடையாளம்.

திருத்துவதைவிட இன்னொரு பழைய போன் வாங்குவது மலிவு என்று தோன்றினால், வாங்குமுன் அந்தப் போனில் *#06# என்று அழுத்துங்கள். 15 இலக்கங்கள் கொண்ட ஐஎம்இஐ எண் திரையில் வரும். ஐஎம்இஐ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கங்களையும் எழுதி 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். பதிவில்லாத போன் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

பணம் கொடுக்குமுன்

கடை வாசலில் நின்றே சோதியுங்கள். வீட்டில் இருப்பவருக்கு அழைப்பு எடுத்து, காதில் வைத்து இரண்டு நிமிடம், ஸ்பீக்கரில் ஒரு நிமிடம் கதையுங்கள். றீலோட் இருக்கிறதா என்று காலையிலேயே பார்த்து வையுங்கள் (தமிழ்நாட்டில் ‘ரீசார்ஜ்’ என்றது இங்கே ‘றீலோட்’). சார்ஜிங் போர்ட் மாற்றியிருந்தால் சார்ஜர் செருகி ஏறுகிறதா என்றும் பாருங்கள். சிக்னல் கோடுகள் முன்பு இருந்ததைவிடக் குறையாமல் இருக்க வேண்டும். சில போன்களில் அன்ரெனாக் கம்பியும் அந்தச் சிறு பலகையில்தான் பொருத்தப்படுகிறது, அதைச் சரியாக அழுத்தாமல் மூடிவிடுவார்கள். தண்ணீர் புகாத போனாக இருந்தாலும் ஒருமுறை திறந்தபின் அந்தக் காப்பை நம்ப வேண்டாம்.

‘பிலக் தென்ன’, ஒரு பில் தாருங்கள். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வியாபாரி கடமைப்பட்டவர். அதில் மாற்றிய பாகத்தின் பெயர், திகதி, எத்தனை நாளைக்கு உத்தரவாதம் என்பவற்றை எழுதுவியுங்கள். உத்தரவாத நாட்களுக்குள் குரல் மறுபடி நின்று, கடை கையை விரித்தால், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி எழுத்துமூல முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆகவே பில்லைப் பத்திரக் கோவையிலேயே வைத்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் போனின் அழைப்புப் பட்டியலைத் திறந்து, கடந்த வாரங்களில் வந்து சில வினாடிகளே நீடித்த அழைப்புகளைத் தேடுங்கள். நீங்கள் எடுத்தும் உங்கள் குரல் போகாத அழைப்புகள் அவை. 011இல் தொடங்குபவை கொழும்பின் நிலையான இணைப்புகள், அலுவலகங்களாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வொன்றுக்கும் வேலை நேரத்தில் அழைத்து, முதலில் எந்த அலுவலகம் என்று கேளுங்கள். நீங்கள் விண்ணப்பித்த இடம்தான் என்று உறுதியானபின் விண்ணப்ப இலக்கத்தையும் பெயரையும் சொல்லி, ‘என் போன் பழுதாக இருந்தது, அன்று எதற்காக அழைத்தீர்கள்?’ என்று கேட்டு, சொல்லும் திகதியையும் பேசியவரின் பதவியையும் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்.